ஜெல்லில் முந்திக்கொண்டு ஓடும் குவானின் இழை: இந்த மடிப்பு செல்லுக்குள்ளும் உண்டா?

#1 நூலிழை

எல்லோருக்கும் வணக்கம். மனித டெலோமியர் (குரோமோசோமின் முனைப்பகுதி) வரிசையில் 22 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை டி.என்.ஏ. ஒன்றை வைத்து வேலை செய்கிறேன். அதில் ஜிஜிஜி என்ற கொத்து நான்கு முறை வரும், கொத்துகளுக்கு நடுவில் டிடிஏ. பக்கத்து லேனில் அதே 22 எழுத்து நீளத்தில், குவானின் கொத்தே இல்லாத இன்னொரு இழை. மாதிரியில் 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது.

யூரியா இல்லாத ஜெல்லில் ஓட்டினால் டெலோமியர் இழை மற்றதைத் தெளிவாக முந்திக்கொண்டு கீழே இறங்குகிறது. அது போக, மாதிரியை ஊற்றும் கிணற்றுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு பூச்சு. இழை உடைந்து துண்டாகிவிட்டதோ என்று, மடிப்பை அவிழ்த்துவிடும் யூரியா ஜெல்லில் சூடாக்கி ஓட்டிப் பார்த்தேன். அங்கே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. ஆக, இழை முழுசாகத்தான் இருக்கிறது.

குவானின்கள் நான்கு நான்காகச் சேரும் இந்த மடிப்புக்கு ஜி-குவாட்ரப்ளெக்ஸ் என்று பெயர் தெரியும், புத்தகத்தில் படமும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏன் குவானினுக்கு மட்டும் இந்தக் குணம், பொட்டாசியம் அங்கே என்ன செய்கிறது, இதெல்லாம் உயிருள்ள செல்லுக்குள் உண்மையிலேயே நடக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 உப்புக்கரைசல்

நூலிழை, உங்கள் ஜெல் சரியாகத்தான் இருக்கிறது. இழை தன்மேல் தானே மடிந்து கச்சிதமாகிவிட்டது. நீளமாகத் தொளதொளவென்று கிடக்கும் இழையைவிட அது ஜெல் துளைகளில் எளிதாகப் புகுந்து போகும். மேலே தெரியும் பூச்சு பெரும்பாலும் பல இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்த கூட்டம். செறிவு அதிகமாக இருக்கும்போது குவானின் கொத்துகள் பக்கத்து இழையின் கொத்துகளோடும் சேர்ந்துகொள்ளும். இழையை நீர்த்து, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டால் பூச்சு குறையும்.

ஏன் குவானின் என்ற கேள்விக்கு அந்த மூலக்கூறின் விளிம்புகளைப் பார்க்க வேண்டும். வழக்கமான இரட்டைச் சுருளில் குவானின் ஒரு விளிம்பை மட்டும் சைட்டோசினிடம் கொடுக்கிறது. ஹூக்ஸ்டீன் விளிம்பு எனப்படும் இன்னொரு பக்கம் வெறுமனே இருக்கிறது. அங்கே ஏழாம் இடத்து நைட்ரஜனும் ஆறாம் இடத்து ஆக்சிஜனும் ஹைட்ரஜனை வாங்கத் தயாராக இருக்கின்றன. முதல் விளிம்பிலோ, ஒன்றாம் இடத்து நைட்ரஜனிலும் இரண்டாம் இடத்து அமினோ தொகுதியிலும் கொடுப்பதற்கு ஹைட்ரஜன் இருக்கிறது. அதாவது ஒரே மூலக்கூறின் ஒரு பக்கம் கொடுக்கும், அடுத்த பக்கம் வாங்கும். இரண்டு பக்கங்களும் ஏறக்குறைய செங்கோணத்தில் அமைந்திருக்கின்றன.

நான்கு பேர் வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் வலப்பக்கத்தவரின் தோளில் கை போட்டால் வட்டம் மூடிவிடும் இல்லையா, அதுபோல நான்கு குவானின்கள் ஒரே தளத்தில் வளையமாகச் சேர்கின்றன. ஒரு வளையத்துக்கு எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். இதைத்தான் டெட்ராட் என்கிறோம். அடினினுக்கோ சைட்டோசினுக்கோ தைமினுக்கோ இவ்வளவு பொருத்தமாக அமைந்த இரு விளிம்புகள் கிடையாது.

டெட்ராட் பெரிய தட்டையான பரப்பு. தண்ணீரில் அது தனியாக இருக்க விரும்பாது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். அடுக்குகளுக்கு இடையே சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம். உங்கள் இழையில் மூன்று குவானின் கொண்ட கொத்து நான்கு இருப்பதால் மூன்று அடுக்கு. இடையில் உள்ள டிடிஏக்கள் வெளியே வளைந்து கொக்கிகளாகிவிடும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு டெட்ராட்டிலும் நான்கு ஆக்சிஜன்கள் நடுவை நோக்கி நிற்கின்றன. எல்லாம் எதிர்மின் சார்புள்ளவை, ஒன்றையொன்று தள்ளும். நடுவில் நேர்மின் அயனி ஒன்று வந்து உட்கார்ந்தால்தான் அமைப்பு நிலைக்கும். பொட்டாசியம் இரண்டு டெட்ராட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, மேலே நான்கு கீழே நான்கு என்று எட்டு ஆக்சிஜன்களையும் பிடித்துக்கொள்கிறது. மூன்று அடுக்கு என்றால் உள்ளே இரண்டு பொட்டாசியம்.

#3 நூலிழை

அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் சோடியம் ஏன் அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை? பொட்டாசியத்தின் அளவு அந்த இடைவெளிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, சோடியம் சின்னது என்பதுதான் காரணம் என்று படித்தேன்.

#4 உப்புக்கரைசல்

அளவும் ஒரு காரணம்தான். சோடியம் சிறியது என்பதால் டெட்ராட்டின் தளத்திலேயே கூட உட்கார முடியும், பொட்டாசியத்தால் முடியாது. ஆனால் யார் ஜெயிக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீர். கரைசலில் எந்த அயனியும் வெறும் அயனியாக இல்லை, தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. உள்ளே நுழைய அந்தத் தண்ணீரைக் கழற்றிவிட வேண்டும். சோடியம் தண்ணீரை இறுக்கமாகப் பிடித்திருப்பதால் கழற்ற ஆகும் ஆற்றல் அதிகம். பொட்டாசியத்துக்குக் குறைவு. 1996-இல் ஹட், ஸ்மித், அனெட், ஃபைகன் ஆகியோர் அணுக்காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) மூலம் இதைக் காட்டினார்கள்: இரண்டு அயனிகளுக்கு இடையிலான தேர்வில் பெரும்பங்கு இந்த நீரேற்ற ஆற்றல் வித்தியாசம்தான். லித்தியம் இன்னும் மோசம், அது கிட்டத்தட்ட உதவுவதே இல்லை. அதனால்தான் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு எல்லோரும் லித்தியம் குளோரைடு எடுக்கிறார்கள்: உப்பின் செறிவு அதே, மடிப்பு மட்டும் இருக்காது.

செல்லுக்குள் பொட்டாசியம் சுமார் 140 மில்லிமோலார், சோடியம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே இருக்கும் உப்பு இந்த மடிப்புக்குச் சாதகமான உப்பு என்பதை மறக்க வேண்டாம்.

#5 படிகம்

உப்புக்கரைசல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். "ஜி-குவாட்ரப்ளெக்ஸ்" என்று ஒருமையில் பேசுகிறோம், ஆனால் அது ஒரே வடிவம் இல்லை. நூலிழை வைத்திருக்கும் டெலோமியர் வரிசையே இதற்கு நல்ல உதாரணம்.

1993-இல் வாங்கும் படேலும் சோடியம் கரைசலில் அணுக்காந்த ஒத்ததிர்வால் பார்த்தபோது இழையின் துண்டுகள் மேலும் கீழுமாக எதிரெதிர்த் திசையில் ஓடின, கொக்கி ஒன்று அடியில் குறுக்காகப் போனது. கூடை வடிவம் என்று பெயர். 2002-இல் பார்க்கின்சன், லீ, நைட்லி மூவரும் பொட்டாசியத்தில் வளர்த்த படிகத்தை எக்ஸ்-கதிரால் பார்த்தார்கள். நான்கு துண்டுகளும் ஒரே திசை, மூன்று கொக்கிகளும் விசிறி இறக்கைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதே எழுத்து வரிசை, அடையாளம் தெரியாத அளவுக்கு வேறு உருவம்! 2006-இல் சில குழுக்கள் பொட்டாசியக் கரைசலில் பார்த்தபோது மூன்றாவது விடை வந்தது: மூன்று துண்டு ஒரு திசை, ஒன்று எதிர்த்திசை. முனையில் ஓரிரு எழுத்து கூடினாலோ குறைந்தாலோ இந்தக் கலப்பு வடிவத்துக்குள்ளேயே இரு வகைகளுக்கு இடையே தராசு சாய்கிறது.

படிகத்தில் நெருக்கமாக அடைத்து வைக்கும்போது தண்ணீர் குறைவு. அந்தச் சூழல் ஒருதிசை வடிவத்துக்கு ஆதரவு. நீர்த்த கரைசலில் கலப்பு வடிவம். செல்லின் உட்பகுதி இரண்டில் எதற்கு அருகில் என்பது பற்றி இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

நூலிழை, உங்களிடம் சிடி நிறமாலைமானி (வட்டமுனைவு ஒளியை மாதிரி உறிஞ்சும் விதத்தை அளக்கும் கருவி) இருந்தால் ஜெல்லைவிட அதில் சீக்கிரம் விடை கிடைக்கும். 260 நானோமீட்டர் பக்கத்தில் மேடும் 240-இல் பள்ளமும் வந்தால் ஒருதிசை. 295-இல் மேடும் 260-இல் பள்ளமும் வந்தால் எதிர்த்திசை. 290-இல் மேடு, அதன் இடது தோளில் 270 பக்கம் ஒரு சிறு மேடு என்றால் கலப்பு. உங்கள் மாதிரி பொட்டாசியத்தில் மூன்றாவதைத்தான் காட்டும். சோடியத்துக்கு மாற்றினால் கோடு கண்ணெதிரே மாறும்.

#6 வாசகன்

துறைக்கு வெளியே இருந்து படிக்கிறேன். இது எப்போது கண்டுபிடித்தது? புதிய விஷயமா?

#7 படிகம்

பழையது. 1910-இலேயே ஐவர் பாங், குவானிலிக் அமிலத்தின் செறிந்த கரைசல் கூழாக உறைவதைப் பதிவு செய்தார். ஏன் உறைகிறது என்பதற்கு 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் மூவரும் அந்தக் கூழிலிருந்து நூலிழுத்து எக்ஸ்-கதிர் படம் எடுத்து நான்கு குவானின் வளையத்தை முன்வைத்தார்கள். 1988-இல் சென், கில்பர்ட் இருவரும் மரபணு வரிசைகளில் உள்ள குவானின் கொத்துகள் உடலியல் உப்புச் செறிவிலேயே நான்கு இழை அமைப்பாகச் சேர்வதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே டெலோமியர் வரிசைகளிலும் இது தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் உயிரியல் பக்கம் சூடு பிடித்தது.

#8 ஐயவினா

வேதியியலில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழாயில் இது உருவாகிறது, அழகாக உருவாகிறது. நான் செல் உயிரியல் பக்கம் இருப்பவன். என் கேள்வி நூலிழை கடைசியாகக் கேட்டது: செல்லுக்குள் உண்டா, உண்டென்றால் வேலை ஏதாவது செய்கிறதா?

மரபணுத் தொகுதியைக் கணினியில் தேடி, மூன்று குவானின் கொத்து நான்கு, இடையில் ஒன்றிலிருந்து ஏழு எழுத்து என்ற விதியில் எண்ணினால் மனிதனில் 3,70,000-க்கு மேல் வரும் என்று 2005-இல் சொன்னார்கள். 2015-இல் ஜி4-சீக் முறையில், பிரித்தெடுத்த டி.என்.ஏ.வைப் பொட்டாசியமும் மடிப்பை இறுக்கும் மருந்தும் போட்டு வரிசைப்படுத்தி, நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் தடுமாறும் இடங்களை எண்ணியபோது 7,16,310 என்று வந்தது. சரி, இவை மடியக்கூடிய இடங்கள். மடிந்திருக்கும் இடங்கள் என்று எப்படிச் சொல்வது? செல்லில் டி.என்.ஏ. இரட்டைச் சுருளாக இருக்கிறது. எதிர் இழையில் சைட்டோசின்கள் ஜோடியாகக் காத்திருக்கின்றன. ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றப்பட்டிருக்கிறது. போதாததற்கு, இந்த மடிப்பைப் பிரிப்பதற்கென்றே ஹெலிகேஸ் என்னும் நொதிகள் இருக்கின்றன.

2013-இல் பிஜி4 என்ற எதிர்ப்பொருளை வைத்து மனித செல் கருவில் புள்ளி புள்ளியாகக் காட்டினார்கள். அழகான படங்கள். ஆனால் அந்தச் செல்கள் பதப்படுத்தப்பட்டவை, எதிர்ப்பொருள் இறுக்கமாகப் பிடிப்பது. முன்பே இருந்த மடிப்பைக் காட்டுகிறதா, தானே பிடித்து மடியவைக்கிறதா என்ற கேள்வி நியாயமானது.

ஆர்.என்.ஏ. பக்கம் இன்னும் கடுமையான முடிவு. 2016-இல் குவோவும் பார்ட்டெலும் டைமெத்தில் சல்பேட்டைச் செல்லுக்குள்ளேயே செலுத்தினார்கள். அது குவானினின் ஏழாம் நைட்ரஜனில் மெத்தில் ஒட்டும். டெட்ராட்டில் அந்த நைட்ரஜன் ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டியிருப்பதால் ஒட்ட முடியாது. குழாயில் மடிந்த அதே ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ. பகுதிகள், கருவுள்ள செல்களைக் கொண்ட உயிரிகளின் (யூகேரியோட்டுகளின்) செல்லுக்குள் பெரும்பாலும் விரிந்தே இருந்தன. உள்ளே யாரோ ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

#9 உப்புக்கரைசல்

ஐயவினா, உங்கள் கடைசி வரியை நான் வேறு மாதிரி படிக்கிறேன். செல் இவ்வளவு ஆற்றல் செலவழித்து ஒன்றைப் பிரித்துக்கொண்டே இருக்கிறது என்றால், பிரிக்காவிட்டால் அது உருவாகும் என்றுதான் பொருள். பிரிக்கும் கருவியை எடுத்துவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் புழுவில் டாக்-1 என்ற ஹெலிகேஸ் மரபணு பழுதானால், மரபணுத் தொகுதியில் நீண்ட குவானின் கொத்துகள் இருக்கும் இடங்களிலிருந்தே துண்டுகள் காணாமல் போகின்றன. 2002-இல் வந்த முடிவு. மனிதனில் அதற்கு உறவான எஃப்.ஏ.என்.சி.ஜே. பழுதானால் ஃபான்கோனி இரத்தச்சோகை என்ற மரபு நோய். ஈஸ்ட்டில் பிஃப்1 என்ற ஹெலிகேஸ் இல்லாவிட்டால் டி.என்.ஏ. நகலெடுப்பு இதே மாதிரி இடங்களில் சிக்கிக்கொள்கிறது. மூன்று உயிரிகள், ஒரே வகையான சிக்கல்.

எதிர் இழை காத்திருக்கிறது என்பது சரிதான். ஆனால் நகலெடுக்கும்போதும், ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போதும் இழைகள் சிறிது நேரம் பிரிந்துதான் நிற்கின்றன. டெலோமியரின் 3' முனையில் எதிர் இழையே கிடையாது, குவானின் இழை தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

#10 ஐயவினா

குவானின் கொத்துகள் செல்லுக்குத் தொந்தரவு கொடுக்கின்றன என்பதை ஏற்கிறேன். தொந்தரவு வேறு, பயன்பாடு வேறு. மருந்துத் துறையில் எல்லோரும் சொல்வது பயன்பாடு. எம்.ஒய்.சி. புற்றுநோய் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்த மடிப்பு ஒரு சுவிட்சு, அது இறுகினால் மரபணு அணையும் என்று 2002-இல் ஆரம்பித்த கதை. அந்தப் பகுதியின் எழுத்தை மாற்றினால் மடிப்பும் போகும், அங்கே ஒட்டும் புரதங்களின் ஒட்டிடமும் போகும். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

மருந்துகளும் அப்படியே. சி.எக்ஸ்-5461 என்ற மருந்து குவானின் மடிப்பை இறுக்கி, டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதுள்ள புற்றுசெல்களைக் கொல்கிறது என்றார்கள், மனிதர்களிடம் சோதனைக்கும் போனது. 2020-இல் வந்த ஆய்வு, அதன் கொல்லும் திறனுக்கு முதன்மைக் காரணம் டி.என்.ஏ. முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் 2 நொதியை முடக்குவதுதான் என்றது. மருந்து வேலை செய்கிறது என்பதிலிருந்து மடிப்பு வேலை செய்கிறது என்று தாவக் கூடாது.

#11 படிகம்

மருந்து வழி சாட்சியம் பலவீனமானது, அதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் எழுத்தை மாற்றிப் பார்த்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது கோனோரியா பாக்டீரியா. அது தன் மேலுள்ள மயிரிழைப் புரதத்தை மாற்றி மாற்றி நம் நோய் எதிர்ப்பாற்றலுக்குத் தப்புகிறது. அந்த மரபணுவுக்கு முன்னால் 16 எழுத்துகள்: மூன்று குவானின், ஒரு தைமின், மூன்று குவானின், இரண்டு தைமின், மூன்று குவானின், ஒரு தைமின், மூன்று குவானின். 2009-இல் கஹூன், சீஃபர்ட் இருவரும் இதில் ஒவ்வொரு எழுத்தாக மாற்றினார்கள். மடிப்பைக் குலைக்கும் குவானின் மாற்றங்கள் புரத மாற்றத்தையே நிறுத்தின. நடுவில் உள்ள தைமினை மாற்றினால் பாதிப்பில்லை. ஒரே ஒரு எழுத்து, விளைவு இவ்வளவு தெளிவு! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட அதே எம்.ஒய்.சி. 2024-இல் கேம்பிரிட்ஜில் பாலசுப்ரமணியன் குழு, செல்லின் குரோமோசோமிலேயே அந்தப் பகுதியைத் திருத்தி மடிப்பைக் குலைத்தது. படியெடுத்தல் விழுந்தது. அதே இடத்தில் கே.ஆர்.ஏ.எஸ். என்ற இன்னொரு புற்றுநோய் மரபணுவின் குவானின் வரிசையை வைத்தார்கள். எழுத்து வேறு, மடிப்பு உண்டு. படியெடுத்தல் மீண்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே மடிப்பு மரபணுவை அணைக்கவில்லை, ஓடவைக்கிறது. 2002-இன் சுவிட்சுக் கதைக்கு நேர் எதிர்த்திசை. அங்கே வந்து சேரும் புரதங்கள் எழுத்தைவிட வடிவத்தைத் தேடுகின்றன என்றுதான் அவர்கள் விளக்குகிறார்கள்.

#12 ஐயவினா

கோனோரியா சோதனை வலுவானது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எம்.ஒய்.சி. ஆய்வையும் மதிக்கிறேன், மாற்று வரிசையை வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. ஆனால் கே.ஆர்.ஏ.எஸ். வரிசையும் குவானின் செறிந்தது. எஸ்.பி.1 போன்ற புரதங்கள் குவானின் செறிந்த இரட்டைச் சுருளிலும் ஒட்டும். குவானின் செறிவு அதே அளவு, புரதம் ஒட்டுவதும் அதே அளவு, ஆனால் மடியாத ஒரு வரிசையை அங்கே வைத்து, படியெடுத்தல் மீளவில்லை என்று காட்டினால் இந்த ஒரு மரபணுவுக்கு ஒப்புக்கொள்வேன். ஏழு லட்சம் இடங்களுக்கும் சேர்த்து ஒப்புக்கொள்ள மாட்டேன். கோனோரியாவில் ஒரே ஒரு இடத்துக்கு எத்தனை வேலை செய்தார்கள் பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அந்த உழைப்பு வேண்டும்.

#13 உப்புக்கரைசல்

ஏழு லட்சமும் வேலை செய்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. செல்லில் எதிர்ப்பொருள் வழியாகக் குரோமாட்டினில் (புரதங்களில் சுற்றிய டி.என்.ஏ.வில்) கிடைக்கும் எண்ணிக்கை ஆயிரங்களில்தான், அதுவும் ஹிஸ்டோன் விலகிய திறந்த பகுதிகளில். ஆகவே மடியக்கூடிய இடங்களில் மிகச் சிறிய பங்குதான் ஒரு குறிப்பிட்ட செல்லில் மடிகிறது. இந்த இரண்டு எண்களையும் கலந்து எழுதுவதால்தான் பாதிச் சண்டை.

#14 வாசகன்

நோய்களோடு நேரடித் தொடர்பு உண்டா?

#15 படிகம்

ஏ.எல்.எஸ். நரம்பு நோயிலும் ஒருவகை மறதி நோயிலும் சி9ஓஆர்எஃப்72 மரபணுவில் ஜிஜிஜிஜிசிசி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருவது 2011-இல் தெரிந்தது. பொதுவாக முப்பதுக்குள் இருக்கும், நோயாளிகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரத்தைத் தாண்டியும் நீளும். இதன் ஆர்.என்.ஏ. குழாயில் உறுதியான குவாட்ரப்ளெக்ஸ் ஆகிறது. நோய்க்கு அந்த மடிப்பு எவ்வளவு பொறுப்பு, அதிலிருந்து பிறக்கும் நச்சுப் புரதத் துண்டுகள் எவ்வளவு பொறுப்பு என்பது தனி இழையே போடவேண்டிய விஷயம்.

#16 நூலிழை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஐயவினா அண்ணாவின் வாதத்தை என் ஜெல்லுக்கும் பொருத்திப் பார்க்கிறேன். என் கட்டுப்பாட்டு இழையில் குவானினே இல்லை, அதனால் எழுத்துக் கலவையே வேறு. ஒவ்வொரு கொத்திலும் நடு குவானினை மட்டும் தைமினாக்கி, ஜிஜிஜி இருந்த இடத்தில் ஜிடிஜி வைத்து ஒரு இழை வாங்கினால் சரியாக இருக்குமா? அப்புறம், பஃபரில் பொட்டாசியம் தேவையா? இப்போது மாதிரியில் மட்டும்தான் இருக்கிறது, ஓட்டும் பஃபர் சாதாரண டிபிஇ.

#17 உப்புக்கரைசல்

ஜிடிஜி இழை சரியான தேர்வு. நீளமும் அதே, குவானினும் கணிசமாக இருக்கும், அடுக்கு மட்டும் அமையாது. சிடியிலும் அதையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பஃபரிலும் ஜெல்லிலும் 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு சேருங்கள். டிபிஇயில் பொட்டாசியம் இல்லை, ஓடும் நேரத்தில் உங்கள் மாதிரியில் இருந்தது பிரிந்து போய்விடும். சில மடிப்புகள் ஜெல்லின் நடுவிலேயே அவிழ்ந்து பட்டை இழுபட்டுத் தெரியும். உப்பு கூடினால் மின்னோட்டம் கூடி ஜெல் சூடாகும், அதனால் குறைந்த மின்னழுத்தத்தில், குளிர் அறையில் ஓட்டுங்கள்.

லித்தியம் லேனுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மாதிரியைப் பொட்டாசியம் கலந்த ஜெல்லில் ஓட்டினால் உள்ளே போனதும் மடிய ஆரம்பித்துவிடும். லித்தியத்துக்குத் தனி ஜெல், தனி பஃபர். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு அமிலத்தன்மை சரிசெய்த பஃபர் அலமாரியில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். லேபில் பெரும்பாலும் அங்கிருந்துதான் பொட்டாசியம் தெரியாமல் உள்ளே வரும்.

#18 ஐயவினா

கூடவே 295 நானோமீட்டரில் உருகுகோடும் (சூடேற்றும்போது மடிப்பு அவிழ்வதைக் காட்டும் கோடு) எடுத்துவிடுங்கள் நூலிழை. சாதாரண இரட்டைச் சுருள் 260-இல் உருகும்போது ஒளி உறிஞ்சல் ஏறும், குவாட்ரப்ளெக்ஸ் 295-இல் உருகும்போது இறங்கும். ஜிடிஜி இழையில் அந்த இறக்கம் வரக் கூடாது. வந்தால் இங்கே போடுங்கள், பார்ப்போம்.